கரைக்கு வழி சொல்லும் படகு

மண்டபம் தென்கடலில் ஐந்து நாட்டுப்படகுகளில் படகுக்கு ஒன்றாக வைஃபை ரௌட்டர் கட்டிச் சோதித்தபோது, படகுகளைத் தமக்குள் இணைப்பது எனக்குப் பெரிய சிரமமாக இருக்கவில்லை. கருவிகள் தமக்குள் வழி கண்டுகொள்ள உதவும், 2003இல் வெளியான ஓ.எல்.எஸ்.ஆர். (OLSR) நெறிமுறைப்படி ஒவ்வொரு ரௌட்டரும் 2 வினாடிக்கு ஒருமுறை அக்கம்பக்கத்துக்குத் தன் இருப்பைச் சொல்லும். படகுகள் இடம் மாற மாற வழிகளும் தாமாகவே மாறிக்கொள்ளும். இந்தக் கூட்டத்தைக் கரையிலுள்ள இணையத்தோடு சேர்க்கும் இடத்தில்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

4ஜி டாங்கிள் (மொபைல் டவர் வழியாக இணையம் தரும் சிறு கருவி) பொருத்திய படகு, "வெளியே போக வேண்டியதெல்லாம் என் வழியாக வரலாம்" என்று 5 வினாடிக்கு ஒருமுறை அறிவிக்கும். அந்தப் படகு டவர் எல்லையைத் தாண்டிய பிறகும் அறிவிப்பு நிற்கவில்லை. மற்ற நான்கு படகுகளும் அதை நம்பி அனுப்பியவை எல்லாம் அங்கேயே தொலைந்தன. "தம்பி, வைஃபை முழுசாக் காட்டுது, ஒரு போட்டோகூடப் போக மாட்டேங்குதே" என்று படகு உரிமையாளரான சம்மாட்டி தம் போனை என்னிடம் நீட்டினார். தவறு என்னுடையது. இப்போது அந்த ரௌட்டர் 5 வினாடிக்கு ஒருமுறை கரையிலுள்ள சர்வரைத் தொட்டுப் பார்க்கிறது. மூன்று முறை பதில் வராவிட்டால் அறிவிப்பை நிறுத்திவிடுகிறது. கடைசியாகக் கேட்ட அறிவிப்பை மற்றப் படகுகள் 15 வினாடி வரை மறக்காமல் வைத்திருக்குமாதலால், மொத்தத்தில் அரை நிமிடம் வீணாகிறது. அதை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

பொறுக்க முடியாதது இன்னொன்று. இரண்டு படகுகளில் டாங்கிள் இருந்தால், காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்பப் படகுகள் விலகும்போது வழி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. ஒவ்வொரு டாங்கிளும் உள்ளே இருக்கும் கருவிகளின் இணைய முகவரியை மறைத்துத் தன் முகவரியைப் போட்டு அனுப்புவதால், தாவிய கணத்தில் எதிர்முனைக்கு நாம் வேறு யாரோ ஆகிவிடுகிறோம். பாதி ஏறிய மீன் படம் முதலிலிருந்து ஏற வேண்டியதாகிறது. இதற்காக ஒவ்வொரு படகிலிருந்தும் கரைச் சர்வருக்கு வயர்கார்டு (WireGuard) சுரங்கம், அதாவது இணையத்துக்குள்ளேயே மறையாக்கப்பட்ட தனிப்பாதை, அமைத்தேன். அது படகை முகவரியால் அல்லாமல் சாவியால் அடையாளம் காண்பதால், வெளிமுகவரி மாறினாலும் உள்முகவரி நிலைத்து நிற்கிறது, இடம் மாறினாலும் கருவியின் முகவரியை மாறாமல் காக்கும் மொபைல் ஐ.பி. நெறிமுறையில் நெடுநாளாக இருந்துவரும் எண்ணமும் ஏறக்குறைய இதுவே. சுரங்கத்தின் மேலுறைக்கு இடம் விடுவதற்காகப் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் (packet) உச்ச அளவை 1420 பைட்டாகக் குறைக்க வேண்டியிருந்தது. அதைச் செய்யாதவரை சிறு செய்திகள் போய்ச் சேர்ந்தன; படங்கள் மட்டும் காரணம் தெரியாமல் பாதியில் நின்றன.

ஐந்து படகுகளும் டவரைத் தாண்டிவிடும் நேரத்துக்கு இவை எதுவும் உதவாது. செய்திகளைப் படகிலேயே சேமித்துவைத்து, கரைப்பக்கம் முதலில் திரும்பும் படகின் மூலம் அனுப்பும் ஏற்பாட்டை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.