எலிக்கு ஊசி போடும் முன்னே போன ஐந்து மாதம்

அம்மாவுக்கு நான்கு வருடமாகச் சர்க்கரையால் கால் எரிச்சல். கபாபென்டினும் நார்ட்ரிப்டிலினும் சேர்ந்த மாத்திரை போட்டால் எரிச்சல் அடங்கும், ஆனால் காலையில் எழுந்ததும் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டையும் சேர்த்தால் குறைந்த அளவிலேயே வலி அடங்குமா என்று, சர்க்கரை வரவழைத்த எலியில் பார்க்க எம்.ஃபார்ம் ஆய்வுக்கு எடுத்ததே அதனால்தான்.

விலங்கு ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம், அதாவது படிவம் ‘பி’ போடும்போது 36 எலி என்று எழுதினேன், ஆறு குழு, குழுவுக்கு ஆறு. கூட்டத்தில் கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “மனிதர்களிடமே 2009-ல் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து, தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று வந்தாச்சே, பிறகு எலி எதற்கு?” பதில் தெரிந்தும் வாயில் வரவில்லை. சேர்த்தால் பலன் கூடுவது வேறு, இரண்டின் கூட்டுத்தொகையையும் தாண்டிப் பலன் வருவது வேறு. அதைக் காட்ட ஒவ்வொரு மருந்தையும், கலவையையும் நான்கு அளவிலாவது கொடுத்து, பாதிப் பலன் தரும் அளவைக் கண்டுபிடித்து, ஐசோபோலோகிராம் (கலவையின் பலன் கூட்டுத்தொகையைத் தாண்டுகிறதா என்று காட்டும் வரைபடம்) வரைய வேண்டும். அப்போது 12 குழு, சாதாரண எலியும் மருந்தில்லாத சர்க்கரை எலியும் சேர்த்து 14, மொத்தம் 84 எலி. 36-ஐ வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அந்த 36-ம் வீணாகத்தான் சாகும் என்றார் அந்த மருத்துவர். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. எண்ணிக்கையைக் கணக்குப் போட்ட பிறகே படிவத்தைத் தொடுங்கள்.

திருத்திக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினால், “இது பழைய ஃபைல்ல சேராது பிள்ளே, அடுத்த கூட்டத்துக்குப் புதுசா போடணும்” என்று அந்த அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அடுத்த கூட்டத்துக்கு விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவின் பிரதிநிதி வரவில்லை, அவர் இல்லாமல் கூட்டம் நடக்காது. காலை ஆறு மணிக்குக் குலசேகரத்தில் பஸ் ஏறிப் போனது வீண். அவர் வருகிறாரா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது முறை அனுமதி கிடைத்தது.

அப்புறம் ஸ்ட்ரெப்டோசோடோசின், எலிக்குச் சர்க்கரை வரவழைக்கப் போடும் ஊசி மருந்து. மைனஸ் 20 டிகிரியில் இருக்க வேண்டிய பொடி, வெள்ளிக்கிழமை நாகர்கோவில் வந்து திங்கள் வரை கூரியர் அலமாரியில் கிடந்திருக்கிறது. நான் போய்த் திறந்தபோது ஐஸ் முழுக்கத் தண்ணீர். விலையை நினைத்து மனசு கேட்காமல் அதையே பத்து எலிக்குப் போட்டேன், 72 மணி நேரம் கழித்துப் பார்த்தால் மூன்றுக்குத்தான் ரத்தச் சர்க்கரை 250-ஐத் தாண்டியிருந்தது. பார்சல் புதன்கிழமைக்குள் வந்து சேருகிற மாதிரி ஆர்டர் கொடுங்கள். கரைசலை ஐஸில் வைத்து, பி.எச் 4.5 சிட்ரேட் பஃபரில் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்கி உடனே போட்டுவிட வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். முதல் ராத்திரி குளுக்கோஸ் தண்ணீர் வைக்க மறக்காதீர்கள், இன்சுலின் திடீரென்று கொட்டி, சர்க்கரை இறங்கி எலி செத்துவிடும்.

சர்க்கரை வந்த எலி குடித்துக் குடித்து மூத்திரமாகப் போகும், கூண்டில் விரித்த உமியைத் தினமும் மாற்ற வேண்டும். நாஞ்சில் நாட்டில் உமிக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஐப்பசி மழையில் மில்லில் கிடைத்ததெல்லாம் நனைந்த உமி. முன்பே வாங்கி உலர்த்தி வையுங்கள்.

இன்னொன்று, ரோட்டாராட் சோதனையையும் (சுழலும் தண்டில் எலி விழாமல் நிற்கிறதா என்று பார்ப்பது) விண்ணப்பத்திலேயே சேருங்கள். இரண்டு மருந்துமே தூக்கம் தரும். மயங்கிக் கிடக்கிற எலி காலை இழுக்காது, வலி போய்விட்டதென்று நாம் எழுதிவிடுவோம்.

சர்க்கரை வந்து இன்று நான்காவது வாரம். வலி பார்க்கப் பாதத்தில் அழுத்தும் வான் ஃப்ரே இழையில், முன்பு 15 கிராமுக்கும் அசையாமல் இருந்த எலி, காலையில் 4 கிராமுக்கே காலை உதறி நக்கியது. நாளை முதல் மருந்து.