கோவளம் முகத்துவாரத்துக்கு எந்த ரீல்?

செப்டம்பர் 14

மழைக்கு முன்னால் தூண்டிலுக்குப் புது ரீல் வாங்கியாக வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் முட்டுக்காடு காயல் நிரம்பி, சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மணல்திட்டு உடைந்துவிட்டால் கொடுவாவும் செப்பிலியும் முகத்துவாரத்தில் இரை தேடும். இந்தக் கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்கு அதுதான் சீசன்.

கையில் இருப்பது இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய 4000 சைஸ். ஹேண்டிலைப் பின்பக்கமாகத் தள்ளினால் பிடிக்காமல் நழுவுகிறது. "அதே விலைக்கு இன்னொண்ணு வாங்குங்க சார், போனா போகட்டும்" என்கிறான் கூட வரும் தம்பி. ஷிமானோ கம்பெனியின் ஸ்டெல்லா ரீல் வைத்திருக்கும் நண்பரோ, "ஒரே தடவை செலவு பண்ணு, அப்புறம் பத்து வருஷம் ரீலைப் பத்தி நினைக்கவே வேணாம்" என்கிறார். அவருடைய ரீல் அரை லட்சத்துக்கு மேல். இரண்டு பேச்சையும் நம்பாமல் நானே பார்த்துவிடுவது என்று முடிவு.

செப்டம்பர் 17

ராத்திரி தினத்தாளை விரித்துப் பழைய ரீலைப் பிரித்தேன். பக்கத் தகட்டைக் கழற்றியதும் கிரீஸ் சாம்பல் நிறத்தில் திரண்டிருந்தது. பெரிய பல்சக்கரத்தின் விளிம்பில் வெள்ளைப் பொடி. துத்தநாகத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்த சக்கரம், உப்பு பட்டால் இப்படித்தான் பூக்கும். ஆனால் பற்கள் தேயவில்லை. பினியன் என்கிற சின்னப் பித்தளைப் பல்சக்கரமும் ஒழுங்காகவே இருக்கிறது. போனது ஹேண்டில் பின்னால் திரும்பாமல் தடுக்கும் கிளட்ச்தான். லைனைச் சுற்றிவிடும் ரோட்டருக்கு அடியில் உள்ள அதன் சின்ன உருளைகள் துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஹேண்டில் நழுவியதற்கு இதுதான் காரணம்.

பெட்டியில் பேரிங் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் உப்புத் தண்ணீர் நேராக வந்து விழும் லைன் ரோலரை, அதாவது லைன் வளைந்து உள்ளே வரும் சின்ன உருளையைக் கழற்றினேன். உள்ளே பேரிங்கே கிடையாது, பிளாஸ்டிக் வளையம். அது சுற்றாமல் நின்று, பிரெய்டு என்கிற பின்னல் லைன் அறுத்த கோடு ரோலர் மேல் தெளிவாகத் தெரிகிறது. பேரிங் எத்தனை என்று கேட்பதைவிட எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

ஆக, மீன் இந்த ரீலைக் கொல்லவில்லை. தண்ணீர் உள்ளே போனதுதான் கொன்றது.

செப்டம்பர் 21

நண்பர் ஸ்டெல்லாவைக் கொண்டுவந்தார். பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தராசின் கொக்கியில் லைனைக் கட்டி, மீன் இழுக்கும்போது லைனை அளவாக விட்டுக்கொடுக்கும் டிராக்கைச் சோதித்தோம். 20 பவுண்டு பிரெய்டு என்றால் ஏறத்தாழ 9 கிலோ தாங்கும். அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக் வைப்பது வழக்கம். இரண்டு ரீலிலும் லைன் ஓடும்போது 2.5 கிலோ காட்டும்படி திருகினேன்.

என் ரீலின் டிராக்கில் இருப்பது கம்பளி மாதிரியான ஃபெல்ட் வாஷர். ஒரு நிமிடம் சும்மா விட்டுவிட்டு இழுத்தால் அசையவே இல்லை. தராசு 3.8 வரை ஏறியது, பிறகு வெடுக்கென்று விட்டது, 2.2, மறுபடி 3. நண்பருடையது 2.6இல் கிளம்பி அதே இடத்தில் நின்றது. தம்பி பேசாமல் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொடுவா அடித்ததும் தண்ணீருக்கு மேல் எகிறித் தலையை உதறும். அந்த உதறலில் டிராக் தயங்கினால் முடிச்சு போகும், இல்லையென்றால் வாயில் கொக்கி கிழித்துக்கொண்டு வரும். விலை கூடினால் கிடைப்பது என்ன என்பதை நான் கண்ணால் பார்த்தது இங்கேதான்.

செப்டம்பர் 22

ஷிமானோ 1921இல் ஜப்பானின் சாகாய் நகரில் மிதிவண்டிப் பாகம் செய்யத் தொடங்கிய கம்பெனி. தூண்டில் ரீலுக்கு வந்தது 1970இல்தான். உலோகத்தைச் சூடாக்காமல் பெரும் அழுத்தத்தில் அடித்துப் பல்சக்கரம் செய்யும் வித்தை மிதிவண்டியிலிருந்து அவர்களுக்குக் கைவந்தது. ஸ்டெல்லாவின் விலையில் ஒரு பங்கு இந்த வேலைக்கு. நியாயமான காசுதான். எனக்கு அது வேண்டுமா என்பது வேறு கேள்வி.

செப்டம்பர் 28

விடியற்காலை கோவளம். நண்பர் தாராளமாக அவர் ரீலையே கையில் கொடுத்தார். ஹேண்டில் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி சுற்றுகிறது. எடை இல்லை. மணிக்கணக்கில் லூர் என்கிற போலி இரையை வீசியும் மணிக்கட்டு வலிக்கவில்லை. ஒரு பாறை மீன் அடித்து நேராகக் கடல் பக்கம் ஓடியது, டிராக் சத்தம் ஒரே சீராக இருந்தது. கரைக்கு வந்தபோது ஒன்றரைக் கிலோ இருக்கும்.

ஆனால் அலை முழங்காலுக்கு ஏறியபோதெல்லாம் என் கவனம் ரீலைத் தூக்கிப் பிடிப்பதில்தான் போனது. மணலில் வைக்க மனம் வரவில்லை. கற்களுக்கு நடுவில் நிற்கவே இல்லை, செப்பிலி இருப்பது அங்கேதான். இந்தக் கரையில் பயந்துகொண்டு பிடிக்கும் ரீல் எனக்கு ஒத்துவராது. படகில் ஏறி ஆழ்கடலில் பெரிய மீன் தேடுகிறவர் ஸ்டெல்லா வாங்கட்டும், அங்கே ஒவ்வொரு ரூபாயும் வேலை செய்யும்.

அக்டோபர் 3

வாங்கிவிட்டேன். பென் கம்பெனியின் ஸ்பின்ஃபிஷர் ஆறாம் தலைமுறை. முழு உலோக உடம்பு, கார்பன் டிராக், உடம்பிலும் லைன் சுற்றும் ஸ்பூலிலும் தண்ணீர் புகாத சீல். கனம்தான், மறைப்பதற்கில்லை. மாலைக்குள் தோள் சொல்லிவிடும். கடையில் நான் முதலில் கேட்டது வாஷரும் கிளட்சும் தனியாகக் கிடைக்குமா என்று. கிடைக்கும் என்றார்கள். மிச்சப் பணத்தில் நல்ல பிரெய்டும், கொக்கிப் பக்கம் கட்ட 30 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லைனும்.

சீலின் தரம் ஐபிஎக்ஸ்5. தண்ணீர் பீய்ச்சினால் தாங்கும், மூழ்கடிப்பதற்கு அல்ல. தம்பிக்கும் சொல்லிவைத்தேன்: ரீலை வாளியில் முக்காதே. டிராக்கை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை லேசாகத் தெளி, துடை, காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்து, லைன் ரோலரில் ஒரு சொட்டு எண்ணெய் விடு. அவன் இப்போதைக்கு பட்ஜெட் ரீல்தான் வாங்கப்போகிறான், வாங்கட்டும். ஃபெல்ட் வாஷர் உள்ளதை மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 5

ஸ்பூலில் முதலில் கொஞ்சம் மோனோ, அதாவது ஒற்றை இழை நைலான் லைன், அதன் மேல் பிரெய்டு. வெறும் ஸ்பூலில் பிரெய்டைக் கட்டினால் மொத்தமாக வழுக்கிச் சுற்றும், டிராக் போய்விட்டதோ என்று தோன்றும். தராசில் 2.5 வைத்து, ஒரு நிமிடம் விட்டு இழுத்தேன்: 2.7. போதும். மணல்திட்டு இன்னும் உடையவில்லை என்று கோவளத்திலிருந்து போன் வந்தது.