வைக்கோலை நிறுத்திய முதலாளியும் என் வேலைநீக்கப் புகாரும்

கோலாலம்பூரில் ஒரு பொட்டலமிடும் நிறுவனத்தில் சம்பளக் கணக்கு எழுதிவந்த நான், தொழிலாளர்களின் மிகைநேரத்தைக் குறைத்துக் காட்டும் இரண்டாவது பதிவேட்டைத் தயாரிக்க மறுத்ததால் வேலையிழந்தேன். கர்த்தருக்குப் பயந்து பொய்க்கணக்கு எழுத மாட்டேன் என்று சொன்னால் அவர் உடனே வழியைச் செவ்வையாக்குவார் என்று சபையில் பலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படி நடக்கவில்லை.

நான் மறுத்த மாதமே முதலாளி எல்லாருடைய மிகைநேர வேலையையும் நிறுத்தினார். காரணம் வேண்டுமானால் கணக்கு எழுதும் அந்த அம்மாவிடம் கேளுங்கள் என்று மேற்பார்வையாளர் மூலம் சொல்லியும் அனுப்பினார். வீட்டு வாடகைக்கும் பள்ளிப் பேருந்துக்கும் அந்தப் பணத்தையே நம்பியிருந்தவர்கள், நான் சாப்பிட உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள். வேதாகமத்தில் யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தில், அடிமைகளாயிருந்த இஸ்ரவேலரை அனுப்பிவிடும்படி மோசேயும் ஆரோனும் கேட்டபின் எகிப்தின் மன்னன் பார்வோன் செய்ததும் இதுவே: செங்கல் செய்யக் கொடுத்துவந்த வைக்கோலை நிறுத்தினான், செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. அவனிடம் முறையிடப் போய்ச் சோம்பேறிகள் என்ற பேரோடு திரும்பிய இஸ்ரவேல் தலைவர்களின் கோபமெல்லாம், வெளியே நின்ற மோசேயின்மேலும் ஆரோன்மேலும் இறங்கியது.

இனி புகார் விவரம். வேலையை விட்டு நிறுத்தியவர்கள் கடிதம் தரவில்லை. நானே விலகுவதாகத் தட்டச்சு செய்த தாளைக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அந்தத் தாளில் கையெழுத்திடாதீர்கள். பிறகு நீக்கப்பட்டதாக நிரூபிப்பது பெரும்பாடு. ஓர் அரசு முகப்பில் இருந்தவரோ, நீக்கக் கடிதம் இல்லாமல் வரவே கூடாது என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினார். அது சரியல்ல. 1967ஆம் ஆண்டின் தொழிலியல் தொடர்புச் சட்டம், 20ஆம் பிரிவின்படி, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு தொழிலியல் தொடர்புத் துறைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதே முக்கியம். விடுமுறை நாள்களும் அதில் அடக்கம். கடிதத்துக்காகக் காத்திருந்தால் முதலாளிக்குத்தான் லாபம். சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி அறிக்கை, தேதி தெரியும்படி அச்சிட்ட வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

மனு கொடுத்தது தெரிந்ததும் சபையிலேயே சிலர், அதிகாரத்துக்குக் கீழ்ப்படி, ஜெபித்துவிட்டு விட்டுவிடு என்றார்கள். அந்த அறிவுரை எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஐந்தாம் அதிகாரம் முடிவதே மோசேயின் முறையீட்டில்தான்: என்னை ஏன் அனுப்பினீர், நான் போய்ப் பேசியபின் இந்த ஜனத்துக்குத் தீங்குதான் கூடியது, நீர் விடுவிக்கவே இல்லை என்கிறான். கர்த்தர் அதற்காக அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஜனங்களை மீட்பேன் என்று மறுபடியும் வாக்குக் கொடுக்கிறார். நொந்துபோயிருந்த ஜனங்களுக்கு அதைக் கேட்கும் மனம்கூட இல்லை என்பதையும் வேதம் மறைக்கவில்லை. ஜெபத்தில் நானும் அழகாகப் பேசவில்லை. ஏன் என்னை இதில் மாட்டிவிட்டீர் என்றே கேட்டேன். அப்படிக் கேட்டதையும் மனு கொடுத்ததையும் அவிசுவாசம் என்று யாரும் சொன்னால் ஏற்கமாட்டேன்.

மனுவுக்குப் பின் அந்தத் துறை இரு தரப்பையும் கூப்பிட்டு நடத்தும் சமரசப் பேச்சுக்கு வழக்கறிஞரை அழைத்துச் செல்ல முடியாது. வழக்கறிஞர் அல்லாத ஒருவரை எழுத்து மூலம் நியமிக்கலாம். தோட்டத் தொழிற்சங்கத்தில் முன்பு வேலை செய்த எங்கள் சபை மூப்பர் வந்தார். நான் தானாகவே விலகியதாக நிறுவன மேலாளர் அடித்துச் சொல்ல, மூப்பர் ஒரு வார்த்தையும் பேசாமல் “நாளை முதல் வரவேண்டாம்” என்று அந்த மேலாளரே அனுப்பிய செய்தியின் அச்சுப்பிரதியை மேசையில் நகர்த்தினார். அதிகாரி தேதியின் கீழே பேனாவால் கோடிட்டார். அதற்குமேல் மேலாளர் விலகல் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

மனுவைத் திரும்பப் பெற்றால் ஒரு மாதச் சம்பளம் தருவதாகச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். வழக்கு இப்போது ஜாலான் துன் ரசாக்கிலுள்ள தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. வேலைக்குத் திரும்ப முடியாவிட்டாலும் இழப்பீடும், நீக்கப்பட்டபின் இழந்த சம்பளமாக அதிகபட்சம் 24 மாதப் பின்சம்பளமும் கிடைக்க இடமுண்டு. கிடைத்த பிறகே நம்புவேன். அதுவரை மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்துக் காலம் தள்ளுகிறேன்.

உணவறையில் என்னைக் கண்டதும் முதலில் எழுந்துபோனவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். அவரையும் நிறுத்திவிட்டார்களாம். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா அண்ணே என்றுதான் முதலில் கேட்டேன். இன்னும் இல்லை என்றார்.