நான்காவது வளைவில்

அம்மாவின் பொருத்தனை அது. கல்யாணமாகி எட்டு வருடம் எனக்குக் குழந்தை இல்லை. "பிள்ளை பொறந்தா நானே தூக்கிட்டு வந்து உம்ம பாதத்துல வைக்கிறேன்" என்று ஏற்காடு திரு இருதய ஆண்டவரிடம் வேண்டியிருந்தார். எனக்கு ஏழாம் மாதம் நடக்கையில் அம்மா போய்விட்டார். வளைகாப்பு வளையலோடுதான் கல்லறையில் நின்றேன்.

2025 பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள், ஞாயிறாகவே அமைந்தது. சேலத்திலேயே பஸ் நிரம்பிவிட்டது. கைக்குழந்தையோடு நிற்கிறேன், ஒருவருக்கும் எழுந்திருக்க மனம் வரவில்லை. மூட்டையோடு வந்த ஒரு பாட்டிதான் "இங்க உக்காரு கண்ணு" என்று ஒதுங்கிக்கொடுத்தார். அவருக்காகவும் வேண்டிக்கொண்டேன்.

அடிவாரம் தாண்டியதும் அம்மாவின் செபமாலையை எடுத்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு மறையுண்மை, அதாவது இயேசு, மாதா வாழ்வின் ஒரு நிகழ்ச்சியை நினைத்து, மாதாவை வாழ்த்தும் அருள்நிறை செபம் ஒன்று. அது அவர் வழக்கம். வளைவு 20. முன்பெல்லாம் மறையுண்மை 15தான், கடைசி ஐந்து வளைவுக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். 2002-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஒளியின் மறையுண்மைகள் ஐந்தைச் சேர்த்தபோது, "நம்ம ஏற்காட்டு ரோட்டுக்கே சரியாப் போச்சு பாரு" என்று பூரித்துப்போனார்.

நான்காவது வளைவில் எனக்குக் குரல் எழவில்லை. நான்காவது மறையுண்மை, மாதா கோவிலில் பாலன் இயேசுவை ஒப்புக்கொடுத்தது. மகிழ்ச்சி மறையுண்மைதான். ஆனால் பிள்ளையைக் கையில் ஏந்திக் கடவுளைப் போற்றிய அதே வாயால், கோவிலுக்கு வந்திருந்த சிமியோன் என்ற பெரியவர், உன் உள்ளத்தை வாள் ஊடுருவும் என்று தாயிடம் சொல்லிவிடுகிறார். ஐந்தாவதில் மாதா மூன்று நாள் பிள்ளையைத் தேடி அலைகிறார். அதுவும் மகிழ்ச்சிக் கணக்கில்தான். சின்ன வயதிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்! அந்த அழுகை என் காதில் விழுந்ததே இல்லை.

இறங்கியதும் ரூம் வேணுமா, சுத்திப் பாக்க வண்டி வேணுமா என்று மொய்த்துவிட்டார்கள். கோவிலுக்கு என்றாலும் விடுவதில்லை. பிள்ளைக்காரியை இப்படி வழிமறிப்பது நியாயமா?

மெழுகுதிரி மந்திரித்து, திருப்பலி முடிந்து, கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்தேன். பிறகு பீடத்துப் படியில் மகளைக் கிடத்தினேன். அம்மா கிடத்தியிருக்க வேண்டியவள். நிமிர்ந்து பார்த்தால் ஆண்டவரின் இருதயத்தைச் சுற்றி முள், அதன் மேலே தீச்சுடர். கையிலிருந்த செபமாலையில் ஒரு மணி உடைந்த இடத்தில் அம்மா கறுப்பு நூலால் முடிச்சுப் போட்டிருந்தது விரலில் தட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். கீழே இவள், எரிகிற திரியைப் பார்த்துக் கையைக் காலை உதறிச் சிரிக்கிறாள். அழுதுகொண்டே எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆண்டவரே, உமக்கு நன்றி. எட்டு வருடத்துக்கும் நன்றி. இவளுக்கும் நன்றி. அம்மாவை எனக்குத் தந்ததற்கும் நன்றி.

வச்சுட்டேன்மா, அவர் பாதத்துலயே வச்சுட்டேன்.