பவர் ஸ்டீயரிங் பம்பை மாற்றும் முன் அந்த ஹோஸைப் பாருங்கள்

பழைய புரோட்டான் வீரா, வாஜா, டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். ஃபிளாட்டுக்குக் கீழே இரண்டு கார்களுக்கு நடுவில் நெருக்கி நிறுத்தியிருப்போம், காலையில் ஸ்டார்ட் செய்து வெளியே எடுக்க ஸ்டீயரிங்கை ஒடித்தால் பானட்டுக்குள் இருந்து ஒரு முனகல் கிளம்பும், ஆக்சிலேட்டரை மிதித்தால் முனகலும் கூடவே ஏறும். பட்டறைக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் பானட்டைத் திறந்த கையோடு "பம்ப் போச்சுண்ணே, மாத்திடலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. பவர் ஸ்டீயரிங் பம்ப் போயிருக்கலாம்தான். ஆனால் பம்புக்கு எண்ணெய் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்காமல் அதைக் கழற்றினால், புதுப் பம்பும் சீக்கிரமே அதே பாட்டைப் பாடும்.

அந்தப் பம்ப் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். என்ஜின் பெல்ட்டில் ஓடுகிற சின்னச் சாமான் அது. உள்ளே ஒரு சுழலி, அதன் வெட்டுகளில் மெல்லிய தகடுகள், அவை வெளி வளையத்தை உரசிக்கொண்டே சுற்றி எண்ணெயை உறிஞ்சி, சக்கரங்களைத் திருப்பும் ரேக்குக்குத் தள்ளுகின்றன. டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம். இங்கே ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது எண்ணெயின் அழுத்தம் பல வண்டிகளில் 70, 80 பார் வரை ஏறும். அதுவும் வண்டி நிற்கும்போது, என்ஜின் மெதுவாக ஓடும்போதுதான் அதிக பாரம். பினாங்கில் பத்து பெரிங்கி ரோட்டின் வளைவுகளில் ஓட்டுவதை விட, லிட்டில் இந்தியாவில் ஒரு பார்க்கிங் கிடைத்து முன்னும் பின்னும் ஒடித்து நுழைப்பதுதான் பம்புக்குக் கஷ்டம். அந்தத் தகடுகளுக்கு உயவு கொடுப்பதும் அதே எண்ணெய்தான். அதில் காற்று கலந்தால் உயவு போய்விடும். முனகல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஜெலுத்தோங்கில் இருக்கும் என் மாமாவின் வீராவுக்கு ஒரு பட்டறையில் பம்ப், ரேக் இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். "அவ்வளவு காசு போட்டா காரோட விலையே வந்துடும்போல இருக்கே, நீ ஒரு பார்வை பாரேன்" என்றார். எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். சிவப்பாகத் தெளிவாக இருக்க வேண்டிய எண்ணெய், பால் கலந்த ரோஸ் சிரப்பான சிராப் பண்டோங் மாதிரி இளஞ்சிவப்பாக நுரைத்துக் கிடந்தது. நுரை என்றால் காற்று. ஆனால் கீழே ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. அங்கேதான் பல பேர் ஏமாறுகிறார்கள். தொட்டியில் இருந்து பம்புக்கு வருகிற ஹோஸ் உறிஞ்சும் பக்கம், அங்கே அழுத்தம் கிடையாது. அதில் வெடிப்பு இருந்தால் எண்ணெய் வெளியே வராமலேயே காற்று மட்டும் உள்ளே போகும்.

கிளாம்பைத் தளர்த்தி ஹோஸின் முனையை உருவி விரல்களுக்கு நடுவில் வளைத்தேன். மேலே பார்க்க நல்ல கறுப்பு ரப்பர்தான், வளைத்ததும் வரிசையாகக் கீறல்கள் வாயைத் திறந்தன. அது பொருந்தியிருந்த குழாயைப் பம்போடு இணைக்கும் இடத்தில் இருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமோ தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் அமுங்காத அளவுக்கு இறுகிப்போயிருந்தது. நம் ஊர் வெயிலும் என்ஜின் சூடும் சேர்ந்தால் ரப்பரின் கதி இதுதான். ஹோஸ், ஓ-ரிங், கிளாம்ப் மூன்றையும் மாற்றி, தொட்டிக்குள் இருந்த வலையைக் கழுவி, புது எண்ணெய் ஊற்றிக் காற்றை எடுத்ததும் சத்தம் நின்றது. பம்பும் ரேக்கும் அப்படியே இருக்கின்றன. ஹோஸ் வாங்கும்போது எண்ணெய் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். ரேடியேட்டர் தண்ணீருக்குப் போடுகிற ஹோஸை வெட்டி மாட்டினால் எண்ணெயில் ஊறி உப்பிவிடும்.

சத்தம் கிறீச்சென்று கூர்மையாக, முழுக்க ஒடிக்கும்போது மட்டும் வந்தால் பெல்டிங்கைச் சந்தேகப்படுங்கள். ஓடும் பெல்ட்டில் ஸ்ப்ரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் அடித்தால் போதும், சத்தம் சட்டென்று மாறினால் பெல்ட்தான். கையையும் சட்டை நுனியையும் தள்ளியே வைத்திருங்கள்.

சரி, பம்ப் உண்மையிலேயே போனால் எப்படித் தெரியும்? ஐட்லிங்கில் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும், ஆர்பிஎம் ஏற்றினால் இலகுவாகும். பெல்ட்டும் சரி, எண்ணெயிலும் காற்று இல்லை என்றால் உள்ளே தகடுகளும் வளையமும் தேய்ந்திருக்கும், இல்லை உள்ளிருக்கும் வால்வு அழுக்கில் சிக்கியிருக்கும். எண்ணெயை ஒரு வெள்ளை டிஷ்யூவில் தொட்டு வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெறும் கறுப்பு என்றால் பழைய எண்ணெய். மினுமினுவென்று துகள் தெரிந்தால் பம்ப் தன்னைத் தானே அரைத்துக்கொண்டிருக்கிறது. புல்லிக்கு, அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்துக்குப் பின்னால் ஈரம், சுற்றிலும் வட்டமாகத் தெறித்த எண்ணெய் இருந்தால் தண்டின் சீல் போய்விட்டது. இடது பக்கம் இலகு, வலது பக்கம் கனம் என்று ஒரே பக்கம் வித்தியாசம் தெரிந்தால் பெரும்பாலும் அது ரேக்கின் கோளாறு. நல்ல பட்டறையில் பம்புக்கும் ஹோஸுக்கும் நடுவில் மீட்டர் மாட்டி, வால்வைச் சில நொடி மட்டும் மூடி அழுத்தம் பார்ப்பார்கள். அழுத்தம் ஏறினால் பம்ப் குற்றவாளி இல்லை. இந்தச் சோதனையைச் செய்கிற ஃபோர்மேன் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

என் தம்பியின் வாஜாவில் அப்படித்தான் பம்ப் போனது, டிஷ்யூவில் துகள் பளிச்சென்று தெரிந்தது. புதுசு வாங்குவதா, பழைய வண்டிகளை வெட்டிச் சாமான் விற்கும் ஹாஃப்கட் கடையில் எடுப்பதா என்று கேட்டால், ஹாஃப்கட் பம்ப் கெட்டது ஒன்றும் இல்லை, ஆனால் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். புல்லி வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும், அசைத்தால் ஆடக் கூடாது. பழையதையும் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து, புல்லியின் வரிகள், அகலம், குழாய் வாய் திரும்பியிருக்கும் திசை, பிரஷர் ஸ்விட்ச் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அந்த ஸ்விட்ச்தான் ஒடிக்கும்போது ஐட்லிங்கை ஏற்றச் சொல்லி என்ஜினுக்குச் சொல்கிறது, அது இல்லாத பம்பை மாட்டினால் பார்க்கிங்கில் என்ஜின் திணறும். சீல் மட்டும் ஒழுகுகிறது, தண்டில் பள்ளம் விழவில்லை என்றால் சீல் கிட் போதும்.

கழற்றுவது பெரிய வித்தை இல்லை. தொட்டியில் இருக்கும் எண்ணெயை மருந்துக்கடைப் பெரிய ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, பெல்ட்டைத் தளர்த்தி, ஹோஸ்களைக் கழற்றி, பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை எடுத்தால் வந்துவிடும். அழுத்தக் குழாயின் போல்ட்டில் இரண்டு பக்கமும் இருக்கும் செம்பு வாஷர்களைப் புதுசாகப் போடுங்கள், பழையதைத் திருப்பி மாட்டினால் அங்கேயே கசியும். புல்லி அழுத்திப் பொருத்திய ரகமாக இருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள், அதை இழுத்தெடுக்கும் புல்லரைக் கேட்டு வாங்குங்கள், அந்த அடி நேராக உள்ளே தகடுகளுக்குப் போகிறது.

அப்புறம், பலர் அவசரத்தில் விட்டுவிடும் வேலை: கழுவுவது. பழைய பம்ப் அரைத்துத் தள்ளிய துகளெல்லாம் ரேக்கிலும் குழாயிலும்தான் இருக்கும். திரும்பி வரும் ஹோஸைத் தொட்டியில் இருந்து கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, தொட்டியில் அந்த ஹோஸ் இருந்த வாயை அடைத்து, மேலே புது எண்ணெய் ஊற்றிக்கொண்டே ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, வரும் எண்ணெய் சுத்தமாகும் வரை விடுங்கள். தம்பி வண்டியில் முதலில் கறுப்பாக வந்து, பிறகு பழுப்பாகி, கடைசியில்தான் சிவப்பு வந்தது. கழுவாமல் விட்டிருந்தால் அந்தக் கறுப்பு முழுக்கப் புதுப் பம்புக்குள் போயிருக்கும்.

காற்று எடுக்கும்போது அவசரப்பட வேண்டாம். முன் சக்கரங்களை ஜேக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமலேயே ஸ்டீயரிங்கை இந்தக் கடைசியில் இருந்து அந்தக் கடைசி வரை மெதுவாக ஒரு இருபது தடவை திருப்புங்கள், மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழி நின்ற பிறகுதான் ஸ்டார்ட். எடுத்ததுமே ஸ்டார்ட் செய்தால் காற்றும் எண்ணெயும் கடைந்து நுரையாகிவிடும், அப்புறம் அது அடங்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். என்ஜின் ஓடும்போது இருக்கும் மட்டமும் நிறுத்திய பிறகு இருக்கும் மட்டமும் 5 மில்லிமீட்டருக்கு மேல் மாறினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று மிட்சுபிஷி சர்வீஸ் புத்தகம் சொல்லும், வீரா மிட்சுபிஷியை வைத்துச் செய்த வண்டி என்பதால் அதற்கும் அதே கணக்குதான். ஸ்டீயரிங்கைக் கடைசியில் பிடித்து வைத்துக்கொண்டே இருக்காதீர்கள், எண்ணெய் கொதித்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் வீராவுக்கு டெக்ஸ்ரான் ரக ஏ.டி.எஃப், அதாவது ஆட்டோ கியர்பாக்ஸுக்கு ஊற்றும் எண்ணெய் போதும். ஹோண்டாவுக்கு அதை ஊற்றக் கூடாது, அதற்கென்று தனி எண்ணெய் இருக்கிறது. பிரேக் எண்ணெயை எந்த வண்டியிலும் ஊற்றிவிடாதீர்கள், சீல்கள் மொத்தமும் உப்பிப் போய்விடும். கழித்த எண்ணெயைப் பாட்டிலில் அடைத்துப் பட்டறையில் கொடுங்கள், லோங்காங்கில், அதாவது சாக்கடையில் ஊற்ற வேண்டாம். புது பெல்ட் போட்டிருந்தால் ஒரு வாரம் ஓட்டிவிட்டு இறுக்கத்தை மறுபடி பாருங்கள், புது ரப்பர் கொஞ்சம் நீளும்.