ஆடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த தொழில்

பாரிஸ் ஓபராவின் நடனக் கலைஞர் 42 வயதில் ஓய்வூதியத்தோடு மேடையிலிருந்து இறங்குகிறார். சென்னையில் சினிமா குரூப் டான்சருக்கோ சபாக்களில் ஆடும் பரதநாட்டியக் கலைஞருக்கோ அப்படி ஒரு தேதி கிடையாது. மாஸ்டரிடமிருந்து போன் வருவது குறையும், முழங்கால் வலி கூடும், அவ்வளவுதான். அதனால் வேறு தொழிலுக்கு மாற வழி கேட்டு வருபவர்களிடம் நாங்கள் முதலில் சொல்வது, ஆட்டம் கையில் இருக்கும்போதே, இரண்டு வருடம் முன்னதாகத் தொடங்குங்கள் என்பதுதான். வருமானம் நின்ற பிறகு தேடினால் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொள்ள வேண்டியதாகிவிடும்.

முதல் மாதம் முழுக்கக் காகித வேலை. ஆதார், பான், வங்கிப் புத்தகம், மதிப்பெண் சான்றிதழ் நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நடனக் கலைஞர்களுக்கு இங்கேதான் பெரிய சிக்கல். அழைப்பிதழ்களில் மேடைப் பெயர், பள்ளியில் வேறு பெயர், பானில் இன்ஷியல் விரிந்து மூன்றாவது பெயர். மதிப்பெண் சான்றிதழில் திருத்துவதுதான் ஆகக் கடினம் என்பதால் அதை அடிப்படையாக வைத்து மற்றதை மாற்றுங்கள். மேடைப் பெயரையே சட்டப்படி வைத்துக்கொள்ள விரும்பினால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும். விண்ணப்பம் போடும் வாரத்தில் இதைத் தொடங்கினால் கடைசித் தேதி தாண்டிவிடும்.

அடுத்து, வேலை செய்ததற்கு ஆதாரம். சினிமாவில் ஆடியவரிடம் சங்க உறுப்பினர் கார்டு இருக்கும். எந்தப் படம், எத்தனை கால்ஷீட் என்பது எதிலும் இருக்காது. வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் 26ஏஎஸ் என்ற படிவம் இருக்கிறது. டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) பிடித்துப் பணம் கொடுத்த ஒவ்வொரு கம்பெனியின் பெயரும் தொகையும் தேதியும் அதில் வரிசையாக வரும். வருடவாரியாக இறக்கி அச்செடுத்து வைத்தால் அதுவே நல்ல சான்று. ரொக்கமாக வாங்கியது அதில் வராது. பிடித்த வரி திரும்பக் கிடைக்கக்கூடியதாக இருந்தும், ரிட்டர்ன் தாக்கல் செய்யாததால் விட்டுவிட்டவர்கள் நிறைய பேர். அதையும் பார்த்துவிடுங்கள்.

படிப்பைப் பாதியில் விட்டவர்கள் பத்தாம் வகுப்பையும் பிளஸ் டூவையும் தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமோ முதலில் முடித்துவிடுவது நல்லது. அவை இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது. மூன்று வருடம் படித்த பிறகு இது தெரியவரும்போது ஏற்படும் வேதனை சொல்லி மாளாது. கல்லூரியில் நடனம் கற்பிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு வயது வரம்பு இல்லை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50.

பெரும்பாலோர் யோசிக்காமல் எடுப்பது டான்ஸ் கிளாஸ். எடுக்கும் முன் காகிதத்தில் கணக்குப் போடுங்கள். மாதம் 1,000 ரூபாய் வீதம் 20 பிள்ளைகள் என்றால் 20,000. வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் இரண்டு பேட்ச், மணிக்கு 300 ரூபாய் ஹால் வாடகை என்றால் மாதம் 4,800. கையில் 15,200 நிற்கும் என்று தோன்றும். ஆனால் விஜயதசமிக்குச் சேரும் கூட்டம் பரீட்சை நெருங்கும்போது கலையும், மே மாதம் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். கட்டணத்தை ஒன்பது மாதத்துக்கும் வாடகையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் போடுங்கள். வருடத்துக்கு மிஞ்சுவது 1,22,400, அதாவது மாதம் 10,200. இதை வைத்துக் குடும்பம் நடக்குமா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

கிளாஸ் தவிர வேறு எதுவும் தெரியாது என்று சொல்பவர்களுக்கு உண்மையில் நிறையத் தெரியும். மாணவிகளுக்குப் பத்து அரங்கேற்றம் நடத்திக் கொடுத்தவர், மண்டபம் பிடித்து, பக்கவாத்தியக்காரர்களின் தேதியை ஒத்திசைத்து, அழைப்பிதழ், மேக்கப், லைட், சாப்பாடு எல்லாவற்றையும் ஒரு பட்ஜெட்டுக்குள் முடித்தவர். பயோடேட்டாவில் “பரதநாட்டியக் கலைஞர், 15 ஆண்டு” என்று மட்டும் எழுதினால் நிகழ்ச்சி மேலாண்மைக் கம்பெனிக்கு அது ஒன்றும் சொல்லாது. எத்தனை பேரை ஒருங்கிணைத்தீர்கள், எவ்வளவு செலவைக் கையாண்டீர்கள் என்று எண்ணோடு எழுதுங்கள்.

நடன உடைத் தையலும் அப்படித்தான். சாதாரண தையற்காரர் நின்றபடி அளவெடுப்பார். முழங்காலை வெளிப்புறம் மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் தொடையில் இழுத்துத் தையல் விடும், முன்பக்க மடிப்பு விசிறி முழுதாக விரியாது. ஆடியவர் அரைமண்டியில் உட்காரவைத்து அளவெடுப்பார். அந்த ஓர் அறிவுக்கே ஆர்டர் வரும். மெஷினுக்குக் கடன் வாங்கும் முன் தெரிந்த மூன்று பேருக்குத் தைத்து, ஒரு நிகழ்ச்சி ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம்; ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஃபிட்னஸ் டிரெய்னர், யோகா என்று போகிறவர்கள் முதலில் எலும்பு மருத்துவரிடம் முழங்காலையும் இடுப்பையும் காட்டுங்கள். வலியை மறைத்து ஆடிப் பழகிய உடம்பு, நாளுக்கு ஆறு மணி நேரம் நின்று சொல்லிக்கொடுக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். பயிற்சியையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். தினமும் செய்த சாதகத்தை வாரம் நான்கு நாளாக்குங்கள், இரண்டு மாதம் கழித்து மூன்றாக. காலை ஆறு மணிக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் விழித்துக் கிடப்பதுதான் பலருக்கும் தாங்க முடியாததாக இருக்கிறது. புதிய வேலையின் படிப்பையோ பயிற்சியையோ அந்த நேரத்தில் வையுங்கள்.