சேர் கற்பித்த மென்சவ்வு

உடற்றொழிலியல் சேர் காலமான பின் வரும் முதல் மலர் இது. அவர் குணம் பற்றிப் பலர் எழுதுவார்கள். நான் அவர் பாடத்தையே எழுதுகிறேன். குருதியை உறையவைக்க உதவும் சிறு கலத்துண்டான குருதிச் சிறுதட்டின் மென்சவ்வு வெறும் உறை அல்ல, சமிக்ஞைக்கான மூலப்பொருளே அங்குதான் இருக்கிறது என்பார்.

சிறுதட்டைத் தூண்டும் திரொம்பினோ கொலாஜனோ அதன் மேற்பரப்பிலுள்ள வாங்கியில் பட்டதும், பொஸ்போலிப்பேஸ் சீ என்ற நொதியம் மென்சவ்வின் உட்படையிலுள்ள பீஐபீ2 என்ற இலிப்பிட்டை வெட்டுகிறது. ஒரு துண்டான ஐபீ3 கலத்துள் சேமித்த கல்சியத்தை விடுவிக்கும். மற்றது, டைஅசைல்கிளிசரோல், மென்சவ்விலேயே தங்கிப் புரதக் கைனேஸ் சீ என்ற நொதியத்தை ஏவும். கல்சியம் உயர, பொஸ்போலிப்பேஸ் ஏ2 மென்சவ்விலிருந்து அரக்கிடோனிக் அமிலத்தைப் பிரிக்கும். அது கொக்ஸ்-1 நொதியத்தின் வழியே திரொம்பொக்சேன் ஏ2 ஆகி அயலிலுள்ள சிறுதட்டுகளையும் தூண்டும். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 30 செக்கன். அதனால் அது மாறி உருவாகும் நிலையான திரொம்பொக்சேன் பீ2வைத்தான் அளக்க வேண்டும். குருதி எடுத்த உடனே கொக்ஸைத் தடுக்கும் இந்தோமெதசின் சேர்க்காவிட்டால் குழாய்க்குள் உருவாவதும் கணக்கில் ஏறிவிடும். அஸ்பிரின் எடுத்தவரின் குருதி 10 நாள் வரை உதவாது: கருவில்லாத சிறுதட்டு, முடங்கிய கொக்ஸ்-1க்கு ஈடாகப் புதிதாய்ச் செய்துகொள்ளாது.

சேரின் கண்டிப்பு முழுவதும் செய்முறையில். குருதி உறையாதிருக்க 3.2% சித்திரேற்று ஒரு பங்கு, குருதி ஒன்பது பங்கு. முதல் சில மில்லிலீற்றரை ஒதுக்க வேண்டும். ஊசி குத்திய இடத்துத் திரொம்பின் அதில் கலந்திருக்கும். மையநீக்கியில் 200 ஜீயில் 10 நிமிடம் சுழற்ற வேண்டும், பிரேக் போடாமல். கண்ணாடிக் குழாய் கூடாது. ஐஸ் அறவே கூடாது. குளிரில் சிறுதட்டு உருமாறித் தானே ஏவப்படும். இவ்வளவையும் காரணத்தோடு சொல்லித் தந்த வேறோர் ஆசிரியரை நான் அறியேன்.

மென்சவ்வின் உட்படையிலுள்ள பொஸ்பாட்டிடைல்செரின் என்ற இலிப்பிட்டு வெளிப்படைக்குப் புரள்வதையும், உறைதற்காரணிகள் அதன்மேல் கூடுவதையும் அவர் கற்பித்தார். புரட்டும் புரதம் எது என்று அன்று தெரியாது. டீஎம்இஎம்16எப் 2010இல்தான் அடையாளம் காணப்பட்டது. அது பழுதானால் ஸ்கொட் நோய், குருதி கசியும். புரள்வதை, அந்த இலிப்பிட்டில் ஒட்டும் அனெக்சின் வீ என்ற புரதம் கொண்டு பார்க்கலாம், ஆனால் கல்சியம் இன்றி அது ஒட்டாது. கல்சியத்தைப் பிணைத்துவிடும் சித்திரேற்று உள்ள மாதிரியில் நேரே இட்டு "வெளிப்படவில்லை" என்று எழுதுவது பெரும்பிழை. சிறுதட்டுகளைக் கழுவி, 2.5 மில்லிமோலர் கல்சியம் உள்ள கரைசலில் பார்க்க வேண்டும். சேருக்குப் பின் வந்த பிள்ளைகளுக்கு அருகில் நின்று இதைக் காட்டியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். பாதிப் பேருக்கு மேல் வெளியேறிவிட்டோம்.